கொளத்தூர்த் தொட்டியில் மீன் பெருகுகிறது. ஆற்றாமை ஏன் பெருகுவதில்லை?

கேள்வி
எழுதியவர்: சிமெண்ட்தொட்டி, கொளத்தூர்

அனைவருக்கும் வணக்கம். நான் கொளத்தூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அலங்கார மீன் குஞ்சு எடுத்து மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்து வருகிறேன். மொட்டைமாடியில் ஆறும் வீட்டின் பின்புறத்தில் பன்னிரண்டுமாகப் பதினெட்டு சிமெண்ட் தொட்டிகள் இருக்கின்றன. ஏஞ்சல் மீன் ஜோடி சேர்ந்துவிட்டால் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பெற்ற மீன்களே அதைத் தின்றுவிடாமல் எடுத்துப் பிரித்து, பூஞ்சை பிடிக்காமல் காற்றுக்குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டால், சில மாதங்களில் குஞ்சு விற்பனைக்கு வந்துவிடும். எங்கள் பகுதியில் இது குடிசைத் தொழில். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட இதை நேர்த்தியாகச் செய்கிறார்கள்.

என் மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். கருத்தரங்குக்காக அவள் எழுதிய கட்டுரையைப் போன வாரம் எனக்குப் படித்துக்காட்டினாள். வங்காளத்துச் சுந்தரவனக் கழிமுகங்களில் வாழும் 'படாகுர் பாஸ்கா' என்னும் ஆற்றாமை, உலகில் மிக அருகிப்போன ஆமைகளுள் ஒன்று என்றும், 2008-இல் சஜ்னேகாலியில் உள்ள வனத்துறைக் குளத்தில் பத்துக்குச் சற்று மேற்பட்ட ஆமைகள் எஞ்சியிருப்பது தெரியவந்து அவற்றைக் கொண்டே இனப்பெருக்கம் தொடங்கப்பட்டது என்றும், 2012-இல் 33 குஞ்சுகள் பொரித்தன என்றும், 2022 ஜனவரியில் பத்து ஆமைகளின் ஓட்டில் இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்தி ஆற்றில் விட்டார்கள் என்றும் அதில் இருந்தது.

பதினான்கு ஆண்டுகளில் பத்து ஆமைகளா என்பதுதான் என் கேள்வி. ஒரு தாய் ஆமை ஆண்டுக்கு இருபது முட்டை இடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நான்கு தாய் இருந்தால் ஆண்டுக்கு எண்பது குஞ்சு, பத்து ஆண்டில் எண்ணூறு. தொட்டி போதவில்லை என்றால் எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்தால் இரட்டிப்பாகவே எடுத்துத் தருவோம். இதில் எங்கே முடிச்சு விழுகிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். அரசாங்கத்தைக் குறை சொல்லும் நோக்கத்தில் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் கணக்கு இடிக்கிறது, அவ்வளவே.

(என் தாயார் இந்தப் பேச்சையே விரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது அவருடைய முடிவான கருத்து.)


பதில் 1
எழுதியவர்: மணற்படுகை, பெரம்பூர்

ஐயா, உங்கள் கணக்கில் கூட்டல் பெருக்கல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதில் வயது என்னும் ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. 2012-இல் ஓட்டை உடைத்து வந்த குஞ்சுக்கு 2022 ஜனவரியில் பத்து வயதுகூட நிறைந்திருக்காது. இந்த இனத்தில் பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டக் கிட்டத்தட்டப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். எனவே சுந்தரவனத்தில் விடப்பட்ட ஏழு பெண்ணும் மூன்று ஆணும் பருவத்துக்கே வராத இளவட்டங்கள். உங்கள் கப்பி மீன் ஆறு மாதத்தில் பாட்டியாகிவிடும். இந்த ஆமை மூன்றாம் தலைமுறையைக் காண்பதற்குள் அதை வளர்க்கத் தொடங்கிய அதிகாரி ஓய்வு பெற்று, அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றிருப்பார்.

நான் ஆற்றாமைகளுடன் வேலை செய்தவன் அல்லன். ஆனால் கல்லூரி நாட்களில் நான்கு பருவங்கள் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை என்னும் கடலாமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கும் தன்னார்வலனாக இருந்தேன். அங்கே கற்றவற்றில் பெரும்பகுதி ஆற்றாமைக்கும் பொருந்தும் என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன்.

மீன் முட்டையை நீங்கள் குழாயால் உறிஞ்சி இன்னொரு தொட்டிக்கு மாற்றுவீர்கள். அது எப்படி உருண்டாலும் கவலையில்லை. ஆமை முட்டை அப்படியன்று. இட்ட சில மணி நேரத்தில் கரு, முட்டையின் மேற்புற ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடக்கூடும். அதனால்தான் நாங்கள் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் கரையோரம் நடந்து, தடம் கண்ட இடத்தில் மணலைக் கையால் விலக்கி, முட்டைகளை இட்ட நிலை மாறாமல் எடுத்து, தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குடுவை வடிவத்தில் குழி எடுத்து அடுக்குவோம். தாமதமாகக் கிடைத்த முட்டை என்றால் மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, அந்தக் குறி மேல்நோக்கியே இருக்கும்படி கொண்டு செல்ல வேண்டும்.

அடுத்தது வெப்பம். இதுதான் எனக்கு முதலில் நம்பவே முடியாததாக இருந்த செய்தி. படாகுர் உள்ளிட்ட பெரும்பாலான ஆமை இனங்களில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது கருவுறும்போது முடிவாவதில்லை. அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைப் பொறுத்தே முடிவாகிறது. பல இனங்களில் 28 முதல் 30 டிகிரி செல்சியசுக்குள் ஒரு நடுப்புள்ளி இருக்கும். அதற்குக் கீழே போனால் ஆண்களும் மேலே போனால் பெண்களும் மிகுதியாகப் பொரிக்கும். நீங்கள் எண்ணூறு குஞ்சு எடுத்துவிட்டதாக மகிழ்ந்துகொண்டிருக்கலாம். பொரிப்பான் இரண்டு டிகிரி தவறாக ஓடியிருந்தால் அந்த எண்ணூறும் ஆணாக இருக்கலாம். அது தெரியவரவும் பல ஆண்டுகள் ஆகும், ஏனென்றால் குஞ்சின் வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பால் பிரித்தறிய முடியாது. நாங்கள் வேலை செய்த பொரிப்பகத்தில் பங்குனி வெயில் ஏறியதும் மேலே நிழல்வலை கட்டுவோம். குஞ்சுகள் வெந்துவிடாமல் இருக்க என்றுதான் பார்வையாளர்களிடம் சொல்வோம். அவை பால் விகிதத்துக்காகவும் கட்டப்பட்டவை.

தாய் ஆமையின் பிடிவாதத்தையும் சொல்ல வேண்டும். சுந்தரவன ஆற்றாமையின் பெண் 60 சென்டிமீட்டர் நீள ஓடு கொண்ட பெரிய உயிர். அது நீர்மட்டத்துக்கு மேலே, ஈரம் சரியான அளவில் உள்ள மணல்மேட்டைத் தேடும். பிடிக்காவிட்டால் தோண்டிய குழியை விட்டுவிட்டு மீண்டும் தண்ணீருக்குள் போய்விடும். சிமெண்ட் தரையில் கொஞ்சம் மணலைக் கொட்டி ஏமாற்ற முடியாது. குளத்தோடு சேர்ந்த மணற்கரை ஒன்றைக் கட்டிக்கொடுத்த பிறகே பல காப்பகங்களில் முட்டை கிடைத்திருக்கிறது. இந்த இனம் மனிதர் வளர்ப்பில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது 2010-இல், வியன்னாவின் ஷோன்ப்ரூன் உயிரியல் பூங்காவில். அதுவும் இரண்டே இரண்டு குஞ்சுகள். உலகத்தின் பழைமையான உயிரியல் பூங்காவுக்கே அவ்வளவுதான் கைகூடியது என்றால் அதன் அருமை புரியும்.

கடைசியாக, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று: ஒரே தாய் வயிற்றுக் கப்பிகளையே மீண்டும் மீண்டும் சேர்த்தால் ஐந்தாறு தலைமுறையில் முதுகு வளைந்த குஞ்சுகள் வரத் தொடங்கும், உடனே நீங்கள் வெளியிலிருந்து புது ரத்தம் கொண்டுவருவீர்கள். இந்த ஆமைக்கு வெளி என்று ஒன்று ஏறத்தாழ இல்லை. எந்த ஆண் எந்தப் பெண்ணோடு சேர்ந்தது, எந்தக் குஞ்சு யாருடையது என்று மரபணு வரை பார்த்துக் குடும்பப் பதிவேடு வைத்துக்கொண்டுதான் நகர வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்குப் பெண் ஆமை, ஆணின் விந்துவைத் தன் உடலில் நெடுங்காலம் சேமித்து வைத்துக்கொள்ளக்கூடியது. இந்த ஆண்டு இட்ட முட்டைக்குத் தகப்பன் போன ஆண்டு பக்கத்தில் இருந்தவனாக இருக்கலாம்.


பதில் 2
எழுதியவர்: மூன்றாம்பாலம், காசிமேடு

பெரம்பூர் நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் முட்டையைப் பற்றியே இவ்வளவு நீளமாகப் பேசுவதால் படிப்பவருக்கு முட்டைதான் பிரச்சினை என்ற எண்ணம் வந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

என் தந்தை விசைப்படகில் முப்பது ஆண்டுகள் தொழிலுக்குப் போனவர். நான் மீன்வளம் படித்துவிட்டுக் கரையில் வேலை செய்கிறேன். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது நீரில் மூழ்கிச் சாகும் என்பது பலருக்குத் தெரியாது. இழுவை வலைக்குள்ளோ செவுள் வலையிலோ மாட்டி மேலே வர முடியாமல் போனால் அது மூச்சுத்திணறி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை நாம் அனைவரும் பார்த்தோம். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுக்கக்கூடாது என்ற விதி நம் மாநிலத்தில் இருக்கிறது. வலைக்குள் போன ஆமை வெளியேறுவதற்கான திறப்புச் சாதனமும் இருக்கிறது. விதி இருப்பதும் அது கடலில் கடைப்பிடிக்கப்படுவதும் வேறு வேறு என்பதைக் காசிமேட்டில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீசல் விற்கும் விலையில், மீன் கரையோரம்தான் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு, வெறும் வலையோடு திரும்பிவர யாருக்கு மனம் வரும் என்ற கேள்வியும் நியாயமானதே.

சுந்தரவனத்திலும் நடந்தது இதுதான். கருவி பொருத்தி விடப்பட்ட அந்தப் பத்தில் சில, எல்லை தாண்டி வங்கதேச ஆறுகளுக்குள் நீந்திச் சென்று மீனவர் கையில் கிடைத்தன. ஆமையின் முதுகில் ஏதோ கருவி இருப்பதைப் பார்த்துச் சிலர் வனத்துறையிடம் ஒப்படைத்ததால்தான் செய்தி வெளியே வந்தது. கருவி இல்லாத ஆமை மாட்டியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வங்கதேசத்தில் 2010-இல் பாவால் தேசியப் பூங்காவிலும் பிறகு கரம்ஜாலிலும் இதே இனத்துக்குக் காப்பகம் தொடங்கினார்கள். அங்கிருந்து கருவியோடு விடப்பட்டவற்றிலும் சில வலையில் போயின.

கொளத்தூர் ஐயாவின் கணக்கை நான் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு தாய் ஆமை பருவத்துக்கு வந்தபின் முப்பது ஆண்டு வாழ்ந்து ஆண்டுக்கு இருபது முட்டை இட்டால் அறுநூறு முட்டை. இனம் குறையாமல் நிற்க, அந்த அறுநூற்றில் இரண்டு வளர்ந்து ஆளானால் போதும். இயற்கை போட்ட கணக்கே அப்படித்தான்: குஞ்சு நூற்றுக்கணக்கில் போகட்டும், தாய் நீண்ட காலம் வாழட்டும். வலை இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஒரு வலையில் ஒரு தாய் மாட்டினால் போவது ஒரு ஆமை அன்று; இனி வரவிருந்த இருபது ஆண்டு முட்டைகள் அத்தனையும் போகின்றன. அந்த ஓட்டையை அடைக்காமல் மேலிருந்து குஞ்சுகளைக் கொட்டிக்கொண்டிருந்தால், எத்தனை தொட்டி கட்டினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சிமெண்ட்தொட்டி, கொளத்தூர்

இருவருக்கும் நன்றி. வெப்பத்தால் ஆண் பெண் மாறும் என்பதை என் மகளும் சொன்னாள், நான்தான் நம்பவில்லை. ஃபைட்டர் மீனில் அப்படி ஒரு வசதி இருந்தால் ஆண் மட்டும் எடுத்து விற்று இந்நேரம் இரண்டாவது மாடி கட்டியிருப்பேன்.

ஆனால் காசிமேட்டு நண்பர் சொல்வதைக் கேட்ட பிறகு எனக்கு வேறொரு குழப்பம் வருகிறது. வலையைச் சரிசெய்யாமல் விட்டால் பயனில்லை என்றால், காப்பகமே வீண் செலவா? அந்தப் பணத்தை மீனவர்களுக்கு நிவாரணமாகக் கொடுத்து வலையை மாற்றச் சொல்லிவிடலாமே? நான் விதண்டாவாதம் செய்யவில்லை. எங்கள் தொழிலில் நோய் வந்த தொட்டிக்குள் நல்ல குஞ்சை விடமாட்டோம்; முதலில் தண்ணீரை மாற்றுவோம்.


பதில் 3
எழுதியவர்: நீர்நொச்சி, திருவொற்றியூர்

வணக்கம் ஐயா. நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். உங்களுடைய கடைசி வாக்கியத்தை என் வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன். இருந்தாலும் காப்பகம் வீண் என்ற முடிவுக்கு நான் உடன்படமாட்டேன். ஏன் என்பதைச் சொல்ல, கெரால்ட் குச்லிங் என்ற ஆய்வாளரின் வாழ்க்கையில் குறுக்கிட்ட மூன்று ஆமைகளைப் பற்றிச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை ஒட்டிய சதுப்புகளில் மட்டுமே வாழும் மேற்கத்திய சதுப்பாமை. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது; ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து முட்டைகள்தான். அறிவியல் உலகம் இது அழிந்துவிட்டதென்றே எண்ணியிருந்தபோது 1953-இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. 1980-களில் ஐம்பதுக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்ட நிலையில் குச்லிங் முன்னின்று பெர்த் உயிரியல் பூங்காவில் இனப்பெருக்கத்தைத் தொடங்கினார். அங்கிருந்து இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் சதுப்புகளுக்குத் திரும்பியிருக்கின்றன. ஆனால் பூங்கா மட்டும் இதைச் செய்யவில்லை. 1962-லேயே இரண்டு சதுப்புகளைச் சரணாலயமாக ஒதுக்கியிருந்தார்கள்; பிறகு நரி நுழைய முடியாத வேலி போட்டார்கள்; மழை குறைந்து சதுப்பு சீக்கிரம் வற்றத் தொடங்கியபோது தண்ணீர் பாய்ச்சினார்கள். 2016-இல் இன்னும் தெற்கே, குளிர்ச்சியான சதுப்புகளில் சிலவற்றை விட்டுச் சோதனை செய்தார்கள். நீங்கள் சொன்ன தண்ணீர் மாற்றுதலும் குஞ்சு எடுத்தலும் அங்கே ஒன்றாகவே நடந்தன.

இரண்டாவது, பர்மாக் கூரையாமை. படாகுர் பேரினத்தின் இன்னொரு உறுப்பினர். (வடசென்னையில் பர்மா பஜாரும் அத்தோ கடைகளும் இருக்கும் அளவுக்கு இரங்கூனிலிருந்து வந்த குடும்பங்கள் இருப்பதால், ஐராவதி என்ற பெயர் இங்கே அந்நியமானதன்று.) இதுவும் அழிந்துவிட்டதென்று கருதப்பட்டு, 2000-களின் தொடக்கத்தில்தான் எஞ்சியிருப்பது உறுதியானது. அந்த ஆய்வில் குச்லிங்கும் இருந்தார். மாண்டலேயில் ஒரு கோயில் குளத்தில் உயிருடன் சில ஆமைகள் கிடைத்தன. ஐராவதியின் துணையாறான சிந்த்வின் ஆற்று மணல்திட்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள் மட்டும் முட்டையிட்டுவந்தன. ஆற்றங்கரைக் கிராமத்தவரையே காவலாக அமர்த்தி, அந்த முட்டைகளை எடுத்துப் பொரித்து வளர்த்தார்கள். 2020 வாக்கில் வளர்ப்பில் இருந்தவை ஏறத்தாழ ஆயிரம். ஆற்றில் முட்டையிட்ட பெண்களோ ஐந்தாறு. இங்கே காப்பகம் இல்லாதிருந்தால் நாம் பேசுவதற்கு இனமே இருந்திருக்காது. அதே நேரம் ஆற்றை மீட்காதவரை இந்த ஆயிரமும் வீடு இல்லாத ஆயிரம்தான்.

மூன்றாவது கதையைச் சொல்லவே மனம் வருவதில்லை. யாங்சி மாபெரும் மென்னோட்டாமை, நன்னீர் ஆமைகளுள் மிகப்பெரியவற்றுள் ஒன்று. சீனாவில் எஞ்சியதாக அறியப்பட்ட பெண்ணை 2008-இல் சாங்ஷா பூங்காவிலிருந்து சூசோ பூங்காவில் இருந்த, நூறு வயதைத் தாண்டிய ஆணிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெண் ஆண்டுதோறும் முட்டையிட்டது; ஒன்றுகூடக் கருவுறவில்லை. பிறகு சோதித்ததில் ஆணின் உறுப்பு பழைய காயத்தால் சிதைந்திருந்தது தெரிந்தது. குச்லிங் குழுவினர் செயற்கை முறையில் கருவூட்ட முயன்றார்கள். 2019 ஏப்ரலில், அப்படியொரு முயற்சிக்கு மறுநாள், அந்தப் பெண் இறந்தது. வியட்நாமின் தோங் மோ ஏரியில் இன்னொரு பெண் இருப்பது 2020-இல் உறுதியாகி நம்பிக்கை துளிர்த்தது. 2023-இல் அதுவும் இறந்து மிதந்தது.

ஒரே மனிதர், ஒரே திறமை, மூன்று முடிவுகள். முதலாவதில் இடமும் இருந்தது, காலமும் இருந்தது. மூன்றாவதில் இரண்டும் தீர்ந்த பிறகே அவரைக் கூப்பிட்டார்கள்.

எனவே வலையா காப்பகமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி மிக அருகிய இனத்துக்குக் கிடையாது. ஆற்றைச் சரிசெய்ய இருபது ஆண்டு ஆகும் என்றால், அதுவரை இனம் உயிரோடு இருக்க ஓரிடம் வேண்டும். பெல்லிங்கர் என்ற ஆஸ்திரேலிய ஆற்றில் 2015-இல் ஒரு வைரஸ் பரவி, அங்கே மட்டுமே வாழும் ஆமை இனத்தின் வளர்ந்த ஆமைகளில் பெரும்பகுதியைச் சில வாரங்களில் கொன்றது. நோய் தொடாத சிலவற்றை உடனடியாக எடுத்துக்கொண்டு போய்த் தனியே வைத்ததால்தான் இன்று அதற்கு வளர்ப்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது.

ஆனால் காப்பகமே போதும் என்று மயங்குவதற்கு எதிரான சான்றைத் தேட நாம் ஆஸ்திரேலியா போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி வரை போனால் போதும். ரோமுலஸ் விட்டேகர் 1976-இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் சதுப்பு முதலைகள் உங்கள் மோலி மீன்களைப் போலப் பெருகின. தொடக்கத்தில் பல மாநிலச் சரணாலயங்களுக்கு அனுப்பினார்கள். 1990-களின் நடுவில், விடுவதற்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. ஏரியோரமெல்லாம் மனிதக் குடியிருப்பு; எந்த ஊர் முதலையை வரவேற்கும்? முட்டைகளைப் பொரிக்கவிடாமல் தடுக்கும் நிலை வந்து, இறுதியில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்துக்கு அனுப்ப நேர்ந்தது. இனப்பெருக்கம் தோற்கவில்லை, அது வென்றதுதான் சிக்கலாகிவிட்டது. கரியல் எனப்படும் நீள்மூக்கு முதலையையும் 1975-இலிருந்து ஆயிரக்கணக்கில் வளர்த்து ஆறுகளில் விட்டார்கள். 2007-இல் அது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. மணல் அள்ளுவதும் வலையும் அணையும் ஆற்றில் அப்படியே இருந்தன.

சுந்தரவன ஆற்றாமை அலையாத்திக் காட்டின் பழங்களைத் தின்று, உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் மணல்திட்டைத் தேடும் உயிர். அதற்குக் கழிமுகம் முழுதாக வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்த சேற்றையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அலையாத்தி வேர்களில் கறுப்பாக அப்பிக்கிடந்ததையும் பார்த்தவர்களுக்குக் கழிமுகம் கெடுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நம்முடைய கொசஸ்தலையாற்றில் அந்த ஆமை வாழ்ந்ததில்லை; ஆனால் வாழ்ந்திருந்தால், எத்தனை ஆயிரம் குஞ்சு கையில் இருந்தாலும் அவற்றை அங்கே விட நான் கையொப்பமிட மாட்டேன்.


பதில் 4
எழுதியவர்: வழக்குக்கட்டு, பாரிமுனை

பேராசிரியர் அம்மையார் தொடாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஐயா, "எங்களிடம் கொடுத்தால் இரட்டிப்பாக எடுத்துத் தருவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில் எழுதியது என்று புரிகிறது. ஆனால் படாகுர் பாஸ்கா 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; நம் ஏரிகளில் சாதாரணமாகத் தென்படும் பால் ஆமையும் அதே அட்டவணைதான். உரிய அனுமதியின்றி ஒன்றை வைத்திருந்தாலே மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. வளர்த்தேன், சோறு போட்டேன் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது.

தனியாருக்குத் திறந்துவிடலாமே என்று கேட்பவர்கள் நம் ஊரின் பெயர் எப்படி அடிபட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சம்பல் ஆற்றில் மட்டுமே நல்ல எண்ணிக்கையில் எஞ்சியுள்ள செந்தலைக் கூரையாமை, இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையில் சிவப்பு ஏறும் அந்த அழகிய உயிர், சென்னை வழியாகத் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கடத்தப்பட்ட வழக்கில் மத்தியப் பிரதேசத்தின் சாகர் நீதிமன்றம் 2021-இல் தண்டனை வழங்கியது. பண்ணையில் பிறந்தது என்று ஒரு சீட்டு எழுதினால் ஆற்றில் பிடித்ததும் சட்டப்படியானதாகிவிடும் என்பதே கடத்துபவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாசல். அதைத் திறக்காமல் இருப்பதில் அரசு கடுமையாக இருப்பது சரியே.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சிமெண்ட்தொட்டி, கொளத்தூர்

சட்ட விவரத்துக்கு நன்றி; அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் கணக்கில் குஞ்சுதான் சரக்கு. அம்மையார் எழுதியதைப் படித்த பிறகு, இந்தத் தொழிலில் சரக்கு ஆறுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர், கன்னத்தில் சிவப்புக் கோடு உள்ள இரண்டு வெளிநாட்டு ஆமைகளைக் கொண்டுவந்து, குழந்தைக்கு அலுத்துவிட்டது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டன. பக்கத்துக் கடைக்காரர் ரெட்டேரியில் விட்டுவிடுங்கள், புண்ணியம் என்கிறார். விடலாமா?


பதில் 5
எழுதியவர்: நீர்நொச்சி, திருவொற்றியூர்

விடவே கூடாது ஐயா. அது அமெரிக்காவைச் சேர்ந்த செங்கன்ன ஆமை. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவி இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ரெட்டேரியிலோ புழலிலோ விட்டால் அது நம் பால் ஆமைக்கும் காராமைக்கும் உணவிலும் வெயில்காயும் இடத்திலும் போட்டியாகும், நோயையும் கொண்டுசெல்லும். முப்பது ஆண்டுகூட வாழக்கூடியது என்பதால் புண்ணியம் நெடுங்காலம் தொடரும். வனத்துறையிடம் தெரிவித்து அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அதுவரை உங்கள் தொட்டியிலேயே இருக்கட்டும். இரண்டையும் பிரித்து வையுங்கள், முட்டையிட்டால் பொரிக்க விடாதீர்கள். மீன் தொட்டித் தண்ணீரோடு அதன் தண்ணீரைக் கலக்க வேண்டாம்; சால்மோனெல்லா கிருமி அதனிடம் இருக்கக்கூடும் என்பதால் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சிமெண்ட்தொட்டி, கொளத்தூர்

அப்படியே செய்கிறேன். இரண்டையும் மாடியில் கடைசித் தொட்டிகளுக்கு மாற்றி மேலே வலை போட்டுவிட்டேன். திங்கட்கிழமை வனத்துறை அலுவலகத்துக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடு வடநெம்மேலி போவதாக முடிவாகியிருக்கிறது. அவள் கட்டுரைக்காக வருகிறாள். பெரம்பூர் நண்பர் சொன்ன அந்த மணற்கரையை எப்படிச் சரிவு வைத்துக் கட்டுகிறார்கள் என்று பார்க்க நான் போகிறேன். ஆமை இருப்பது தெரிந்த நாளிலிருந்து என் தாயார் மாடிக்கு வடகம் காயவைக்க வருவதில்லை.